நெப்பியோலோ ஒயின்: வாங்கும்போதும் திறக்கும்போதும் நேரும் தவறுகள்

இத்தாலியின் வடமேற்கில் பியட்மான்ட் மாநிலம். அங்கே ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்துதான் பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரிய சிவப்பு ஒயின்களும் வருகின்றன. இரண்டிலும் வேறு திராட்சை கலக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. விலை அதிகம். அவ்வளவு கொடுத்து வாங்கியவர் முதல் வாயிலேயே முகம் சுளித்தால், பெரும்பாலும் குறை ஒயினில் இருக்காது. எந்த வயதில், எந்தச் சூட்டில், எந்தச் சாப்பாட்டோடு திறந்தார் என்பதில்தான் இருக்கும்.

முதல் ஏமாற்றம் நிறத்தில் தொடங்குகிறது. நல்ல சிவப்பு ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு, கிளாஸின் மறுபக்கம் தெரியுமளவு வெளிறிய பரோலோ, தண்ணீர் கலந்ததுபோல் தோன்றும். நெப்பியோலோ தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பகுதி காற்றுப் பட்டால் எளிதில் சிதையும் வகை. அதனால் ஏழெட்டு வயதிலேயே விளிம்பில் செங்கல் நிறமும் ஆரஞ்சும் தெரியும். அது கெட்டுப்போன அடையாளம் அல்ல. நடுப்பகுதி உட்பட முழுதும் பழுப்பாகி, அடிபட்ட ஆப்பிள் வாசனையோ வினிகர் நெடியோ வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வாங்கும்போதே கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாட்டில் வழியில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது லேபிள். பார்பெரா தால்பா, தொல்செத்தோ தால்பா இரண்டும் அதே குன்றுகளின் ஒயின்கள்தான், ஆனால் திராட்சை வேறு. பார்பெராவில் புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு குறைவாகவும் இருக்கும். பரோலோவுக்கு மலிவான மாற்று என்று அதை வாங்கினால் கணக்கு தப்பும். பரோலோ கினாத்தோ என்ற பாட்டிலில் இருப்பது பரோலோதான் என்றாலும், சின்கோனா பட்டையும் மசாலாக்களும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு பானம் அது. சாப்பாடு முடிந்தபின் சிறிய கிளாஸில் குடிப்பதற்கானது.

மலிவாகத் தொடங்க நினைப்பவருக்குச் சரியான பெயர் லாங்கே நெப்பியோலோ. சட்டப்படி 85 சதவீதம் நெப்பியோலோ இருந்தால் போதும், ஆனால் நல்ல தயாரிப்பாளர்கள் முழுக்க நெப்பியோலோவிலேயே செய்கிறார்கள். பரோலோ தோட்டத்தின் இளம் கொடிகளிலிருந்து வரும் திராட்சையும் பல சமயம் இதில்தான் போய்ச் சேர்கிறது. இந்தத் திராட்சையோடு முதல் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டில் இல்லை.

‘ரிசெர்வா’ என்ற சொல்லைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அது சொல்வது காத்திருந்த காலத்தை. சாதாரண பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ரிசெர்வாவுக்கு 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் 9 மரத்தில். அதன் ரிசெர்வாவுக்கு 50. சாதாரணமான ஒயினைக்கூட 62 மாதம் வைத்திருந்து அந்தப் பெயரில் விற்கலாம். மறுபக்கம், 1958ல் தொடங்கிய ‘ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ’ கூட்டுறவுச் சங்கம் ஒன்பது தோட்டங்களிலிருந்து தனித்தனியாக எடுக்கும் ரிசெர்வாக்கள் நம்பி வாங்கத் தக்கவை. ஆகவே தயாரிப்பாளர் யார் என்பதை முதலில் பாருங்கள், பிறகு அறுவடை ஆண்டை, அதன் பிறகு தோட்டத்தை.

தோட்டப் பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லேபிளில் போடக்கூடிய தோட்டப் பெயர்களும் எல்லைகளும் பார்பரெஸ்கோவில் 2007லும் பரோலோவில் 2010லும் சட்டப்படி வரையறுக்கப்பட்டன. ஆனால் வரைபடம் எல்லை சொல்லுமே தவிர, எது உயர்ந்தது என்று தரம் பிரிக்காது. புஸ்ஸியா என்ற ஒரே பெயருக்குள் கிட்டத்தட்ட 300 ஹெக்டேர் அடக்கம். அதன் எல்லாச் சரிவுகளிலும் ஒரே வெயில் விழுவதில்லை. பல தோட்டத் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோவாகச் செய்வதுதான் அங்கே பழைய வழக்கம். பரோலோ தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை அதை விடவில்லை. தோட்டப் பெயர் இல்லை என்பதற்காக ஒரு பாட்டிலை ஒதுக்காதீர்கள்.

ஊர்ப் பெயர்தான் குடிப்பவருக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து. லா மொர்ரா, பரோலோ ஊர்ப் பக்கத்து நீலச்சாயல் சுண்ணாம்புக் களிமண்ணில் விளைந்தது பொதுவாக வாசனை மிகுந்து, சீக்கிரம் இளகும். செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கத்து மண் இன்னும் பழையது. அங்கிருந்து வருவது இறுக்கமாக இருக்கும், நீண்ட காலம் தாங்கும். இன்றிரவே திறக்க வேண்டியவர் ஐந்து வயது செர்ரலுங்காவை வாங்கினால், புகழ்பெற்ற ஒன்றை வாங்கியும் துவர்ப்பை மட்டுமே குடிப்பார்.

ஆண்டிலும் இதே சிக்கல். 2016 அருமையான ஆண்டு, 2010ம் அப்படியே. ஆனால் அருமை என்பது நெடுநாள் தாங்கும் கட்டமைப்பைக் குறிக்கிறது, உடனே குடிக்கலாம் என்பதை அல்ல. கடும் வெயிலும் வறட்சியுமாக இருந்த 2017ன் பாட்டில்கள் முன்னதாகவே இளகின. மழை மிகுந்த 2014ல் பரோலோ தடுமாறியபோது பார்பரெஸ்கோ ஓரளவு தப்பித்தது.

எப்போது திறக்கலாம்? லாங்கே நெப்பியோலோவை அறுவடையிலிருந்து மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள். பார்பரெஸ்கோவுக்கு எட்டு, பரோலோவுக்குப் பத்து ஆண்டாவது கொடுங்கள். இடையில் சில ஆண்டுகள் ஒயின் வாசனையே இல்லாமல் மூடிக்கொள்வதுண்டு. ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்கி, ஒன்று அப்படி இருந்தால் மற்றதை இரண்டு மூன்று ஆண்டு தள்ளி வையுங்கள்.

ஆனால் தள்ளி வைக்க இடம் வேண்டும். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அதிர்வில்லாத இடம், பாட்டில் படுத்த நிலை. அறைச் சூடு 30 டிகிரியைத் தொடும் வீட்டில் அலமாரியில் பத்து ஆண்டு வைப்பது பணத்தை எரிப்பதற்குச் சமம். ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லையென்றால், ஏற்கெனவே முதிர்ந்ததை நம்பகமான கடையில் வாங்கிச் சில வாரங்களில் குடித்துவிடுங்கள். அதுவரை சாதாரண பிரிட்ஜின் காய்கறித் தட்டு, சூடான அலமாரியைவிட எவ்வளவோ மேல்.

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை, ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. நெப்பியோலோவுக்கு 16 முதல் 18 டிகிரி. பரோலோவில் ஆல்கஹால் 14 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். 25 டிகிரியில் அதன் காரநெடி ரோஜா, செர்ரி வாசனைகளை அமுக்கிவிடும். நேர்மாறாக, பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசனை அடங்கித் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வெப்ப ஊரில் பாட்டிலைச் சுமார் ஒன்றரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் போதும்.

அதிகம் பாழாவது திறக்கும் முறையில்தான். இளம் பரோலோவின் கார்க்கை அரை மணி முன்னால் எடுத்து வைத்து, மூச்சு விடட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பாட்டில் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயத்தளவுதான். அடி அகன்ற டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், இடையிடையே சுவைத்துப் பாருங்கள்.

இருபது வயதைத் தாண்டிய பாட்டிலுக்கு இதைச் செய்தால் அதன் மெல்லிய வாசனை மேசைக்கு வருமுன்பே போய்விடும். அதற்கு முறை வேறு. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். பழைய கார்க்கைத் திருகாணியால் இழுத்தால் உடைந்து உள்ளே விழும். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே இறங்கும் இரட்டைத் தகட்டுத் திறப்பானே பாதுகாப்பு. இரண்டு மூன்று மணி முன்பு திறந்து, ஒரு வாய் ஊற்றி முகர்ந்துவிட்டு, பாட்டிலிலேயே விடுங்கள். பரிமாறும் நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து, ஒரே சீராக, நடுவில் நிமிர்த்தாமல் டிகேன்டரில் ஊற்றுங்கள். மண்டிக் கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மிச்சமாகும் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டால் மொத்தமும் கலங்கிக் கசக்கும்.

கிளாஸ் வயிறு அகன்றதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் மிளகாய். துவர்ப்பைத் தரும் டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதேபோல் புரதமும் கொழுப்பும் உள்ள உணவு டானினை முதலில் வாங்கிக்கொள்ளும். லாங்கேயில் இந்த ஒயினோடு வருவது அதனால்தான் ஒயினில் வெகுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த தஜரின் நூடுல்ஸ், இலையுதிர் காலத்தில் வெண்ணெயோடு வெள்ளை ட்ரஃபிள் என்ற மணமிக்க நிலத்தடிக் காளானின் சீவல். மிளகாய்க் காரமோ டானினையும் ஆல்கஹாலையும் ஒருசேரத் தூக்கிக் காட்டும். நம் சமையலில் பொருந்துவது காரம் குறைத்து மெதுவாக வேகவைத்த ஆட்டிறைச்சி. காரக்குழம்போடும் மீன் வறுவலோடும் வேண்டாம். இறைச்சி வேகவைக்கப் பழைய பரோலோவை ஊற்றுவதும் வீண், கொதியில் அதன் வாசனை நிற்காது. லாங்கே நெப்பியோலோ அல்லது பார்பெரா போதும்.

லாங்கேயோடு தேடலை நிறுத்திவிடுவதும் இழப்புதான். வடக்கே கத்தினாரா, கெம்மே பகுதிகளில் இதே திராட்சைக்கு ஸ்பன்னா என்று பெயர். லொம்பார்தியாவின் வல்தெல்லினா பள்ளத்தாக்கில் கியாவென்னாஸ்கா. ஆல்ப்ஸ் அடிவாரக் குளிரால் அங்கத்திய ஒயின்கள் இன்னும் மெலிந்து, புளிப்பு துல்லியமாக இருக்கும். முதிர்ந்த கத்தினாரா அதே வயது பரோலோவைவிட மலிவாகக் கிடைப்பதும் உண்டு. வல்தெல்லினாவிலேயே ஸ்போர்சாத்தோ என்பதைக் கவனியுங்கள். திராட்சையை உலரவைத்துச் செய்வதால் கனத்திருக்கும், ஆல்கஹால் 14 சதவீதமாவது இருக்கும். மென்மையான மலை ஒயினை எதிர்பார்த்து அதை வாங்கக் கூடாது.

பாட்டிலில் மிச்சமிருந்தால் கார்க்கைத் திருப்பிச் செருகி பிரிட்ஜில் வையுங்கள். இளம் பரோலோ மறுநாள் முன்னைவிட இளகி வருவது சகஜம், மூன்றாம் நாள்வரை தாங்கும். இருபது வயதுப் பாட்டிலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.