புதுப்பிப்பு சொதப்பினால் ஈஆர்பி சர்வரைப் பழைய நிலைக்குத் திருப்புவது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை, பில், கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈஆர்பி மென்பொருளுக்குப் புதுப்பிப்பு போடுகிறீர்கள். சனிக்கிழமை காலை பில் அடித்தால் வரித்தொகை தப்பாக வருகிறது. அந்த நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டை வெள்ளிக்கிழமையே செய்திருக்க வேண்டும். சர்வர் விஎம்வேர் வீஸ்பியரில் (ஒரே இயந்திரத்தில் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் மெய்நிகர் கணினி என்றால், அந்த ஏற்பாட்டின் பெயர் ஸ்னாப்ஷாட்.

பெயரைப் பார்த்து, முழு வட்டையும் நகல் எடுத்து வைத்துவிடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல வட்டுக்கோப்பில் எழுதுவது நின்றுவிடும். அதன்பின் வரும் மாற்றமெல்லாம் டெல்டா என்ற தனிக்கோப்பில் சேரும். கணக்குப்பிள்ளை பேரேட்டை மூடிவைத்துவிட்டு, இன்றைய வரவுசெலவைத் தனித்தாளில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்புவது என்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது. பேரேடே எரிந்துபோனால் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே காப்புப் பிரதியைத் தனியாக, வேறோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

முதல் படி: எடுப்பதற்கு முன்

சேமிப்பகத்தில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். டெல்டா கோப்பு வளர்ந்துகொண்டே போகும். இடம் தீர்ந்தால் அதே சேமிப்பகத்தை நம்பியிருக்கும் மற்ற கணினிகளும் நின்றுவிடலாம். அடுத்து, கணினியின் அமைப்பில் எந்த வட்டாவது 'இன்டிபென்டன்ட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய வட்டு ஸ்னாப்ஷாட்டில் சேராது. தரவுத்தளம் அதில் இருந்தால் இந்த வழி உங்களுக்கு உதவாது.

இரண்டாம் படி: எடுப்பது

எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள். முதலில் ஈஆர்பி செயலியையும் பிறகு தரவுத்தளத்தையும் நிறுத்தி, 'ஷட் டவுன் கெஸ்ட் ஓஎஸ்' கொடுத்துக் கணினியை முறையாக அணையுங்கள். ஓடும்போதும் எடுக்கலாம்தான். ஆனால் அணைத்து எடுத்ததைப் போன்ற சுத்தமான நிலை அதில் கிடைக்காது. செயலிக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று என இரண்டு சர்வர்கள் இருந்தால், இரண்டும் அணைந்திருக்கும்போதே இரண்டுக்கும் எடுங்கள். ஒன்று நேற்றைய நிலையிலும் மற்றது இன்றைய நிலையிலும் நின்றால் பழைய பிழையே தேவலை என்று ஆகிவிடும்.

கணினியின் பெயரில் வலச்சொடுக்கு. 'ஸ்னாப்ஷாட்ஸ்', பிறகு 'டேக் ஸ்னாப்ஷாட்'. பெயரில் தேதி, நேரம், காரணம் மூன்றும் இருக்கட்டும். 'சோதனை 2' என்று பெயர் வைத்தவரை நான் நன்றாகத் திட்டியிருக்கிறேன். விசாரித்ததில் அவர் நான்தான்.

மூன்றாம் படி: கெடு

கணினியை மறுபடி இயக்கி, புதுப்பிப்பைப் போட்டுச் சோதியுங்கள். திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதுவரை யாரையும் பதிவிட விடாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்தக் கெடு இல்லாமல், மதியம்வரை பில் போட்டபின் திரும்பினோம். சர்வர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் கையிலிருந்த பில்கள் வரவில்லை. அடுத்த பில்லுக்கு மென்பொருள் அதே எண்களை மறுபடி கொடுத்தது. அரசின் ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியல் தளத்தில் பதிவானதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் ரத்தான பில் எண்ணை அங்கே மறுபடி பயன்படுத்த முடியாது. அனுப்பிய மின்னஞ்சலும் வங்கிக்குப் போன பணமும் அப்படித்தான். உங்கள் சர்வர் பின்னோக்கிப் போனது வெளியுலகத்துக்குத் தெரியாது.

நான்காம் படி: திரும்புவது

இடையில் பதிவானவை இருந்தால் முதலில் அவற்றைப் பட்டியலாக எடுத்து, சர்வருக்கு வெளியே வையுங்கள். பிறகு 'மேனேஜ் ஸ்னாப்ஷாட்ஸ்' திறந்து, உரிய பெயரைத் தேர்ந்து, 'ரிவர்ட்' கொடுங்கள். பக்கத்திலேயே 'டிலீட்' இருக்கும். கை அங்கே போகக் கூடாது. டிலீட் என்றால் புதுப்பிப்பை அழிப்பது என்று எண்ணி அழுத்தியவர்கள் உண்டு. அது செய்வது நேர் எதிர்: தனித்தாளில் உள்ளதையெல்லாம் பேரேட்டில் ஏற்றிவிடும். பிழையோடு கூடிய புதிய நிலையே நிலைத்துவிடும். திரும்பும் வழி அடைபடும்.

அணைத்து எடுத்த ஸ்னாப்ஷாட் என்பதால், திரும்பியபின் கணினி அணைந்தே இருக்கும். பதற வேண்டாம். தரவுத்தள சர்வரை முதலில் இயக்கி, பிறகு செயலி சர்வரை இயக்குங்கள். கடைசி பில் எண் வெள்ளிக்கிழமை எண்தானா, மென்பொருள் பழைய பதிப்பைக் காட்டுகிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள். பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரை மட்டும் இப்படித் திருப்பத் துணியாதீர்கள். அதன் மீட்பு முறை வேறு.

ஐந்தாம் படி: ஸ்னாப்ஷாட்டை நீக்குவது

இப்போதுதான் டிலீட். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஸ்னாப்ஷாட் தானாகப் போகாது. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சங்கிலியில் 32 வரை வைக்க முடியும். வேகம் குறையாமலிருக்க இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதும், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விஎம்வேரின் பரிந்துரை. டெல்டா பெரிதாகியிருந்தால் இணைக்க நேரம் பிடிக்கும், சர்வரும் மந்தமாகும். ஆகவே இரவில் செய்யுங்கள். திரையில் நீக்கும் பணி 99 விழுக்காட்டில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், குறுக்கே எதையும் அணைத்துவிடாதீர்கள்.