டகனோரி கோமியை எடை போடும்போது செய்யக் கூடாத தவறுகள்

எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புச் சண்டையில் பெயர் பெற்ற ஜப்பானின் டகனோரி கோமி பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் அமெரிக்காவின் யூஎஃப்சி அமைப்பில் அவருடைய கணக்கை எடுத்து வைத்துவிடுகிறார்: 13 சண்டை, 4 வெற்றி, 9 தோல்வி. “இவ்வளவுதானா? இவரையா பெரிய ஆள் என்கிறார்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். எம்எம்ஏவைப் புதிதாகப் பார்க்க வந்தவர்கள் கேட்டால் பரவாயில்லை. பல வருடமாகப் பார்ப்பவர்களும் கேட்கும்போது மனசு கேட்பதில்லை. எண்ணில் பிழை இல்லை, அதைப் படிக்கும் விதத்தில்தான் பிழை.

கோமி தொழில்முறைச் சண்டைக்கு வந்தது 1998 நவம்பரில். யூஎஃப்சியில் முதல் சண்டை 2010 மார்ச்சில். அப்போது அவருக்கு வயது 31. அந்தக் கதவைத் தட்டும் முன்பே 31 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. அதாவது, யூஎஃப்சி கணக்கு மட்டும் பார்ப்பவர் ஒரு நீண்ட வாழ்க்கையின் பின்பாதியை வைத்து முழு மனிதரையும் அளக்கிறார். முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகளுக்கு வேரும் இதுதான்.

அடுத்து எடைப் பிரிவுகளின் பெயர். இதில் தடுமாறாதவர்கள் குறைவு. கோமி 2001 டிசம்பரில் ரூமினா சாட்டோவை வென்று ஜப்பானின் ஷூட்டோ அமைப்பின் ‘வெல்டர்வெயிட்’ சாம்பியன் ஆனார். 2005 கடைசியில் இன்னொரு ஜப்பானிய அமைப்பான பிரைடின் ‘லைட்வெயிட்’ சாம்பியன் ஆனார். இதைப் படித்துவிட்டு, கனமான பிரிவிலிருந்து எடை குறைத்து இறங்கி வந்தார் என்று எழுதுகிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. அன்றைய ஷூட்டோவில் வெல்டர்வெயிட் என்றால் 70 கிலோ. பிரைடில் லைட்வெயிட் என்றால் 73 கிலோ. யூஎஃப்சியின் லைட்வெயிட் 155 பவுண்டு, 70 கிலோவுக்குச் சற்று மேல். பெயரை விட்டுவிட்டுக் கிலோவைப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். 2005 இறுதிச் சண்டையில் கோமி வீழ்த்திய ஹயாடோ சகுராய், 2002-இல் யூஎஃப்சி வெல்டர்வெயிட் பட்டத்துக்காக, அதாவது 77 கிலோவில், மேட் ஹியூஸுடன் மோதியவர். கிலோ தெரிந்தால்தான் அந்த வெற்றியின் கனமும் தெரியும்.

விதிமுறைகளை மறப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படும் தவறு. 2004 டிசம்பர் 31 அன்று கோமி, யூஎஃப்சியின் முதல் லைட்வெயிட் சாம்பியன் ஜென்ஸ் பல்வரை நாக் அவுட் செய்தார். பதிவில் ‘1-ஆம் ரவுண்டு, 6:21’ என்று இருக்கும். 5 நிமிட ரவுண்டுக்குப் பழகியவர்கள் இதை அச்சுப் பிழை என்றே நினைத்துவிடுகிறார்கள். பிழை இல்லை, பிரைடில் முதல் ரவுண்டு 10 நிமிடம். அந்த 10 நிமிடத்துக்கு இடையில் உட்கார ஸ்டூல் கிடையாது, தண்ணீர் கிடையாது, மூலையிலிருந்து ஒருவர் வந்து காதில் சொல்லும் யோசனையும் கிடையாது. யூஎஃப்சியின் கூண்டுக்குப் பதில் கயிறு கட்டிய ரிங். தரையில் கிடப்பவரின் தலையில் உதைக்கலாம், மிதிக்கலாம், முழங்காலால் இடிக்கலாம். முழங்கையால் தலையில் அடிக்கத்தான் கூடாது. நடுவர்கள் ரவுண்டு ரவுண்டாக வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று போடாமல் முழுச் சண்டையையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். டெஸ்ட் மேட்ச் ஆட்டக்காரரின் ஸ்ட்ரைக் ரேட்டை டி20 அளவுகோலில் வைத்துப் பார்க்க மாட்டோம் அல்லவா? அந்த நியாயம் இங்கேயும் வேண்டும்.

சரி, அவர் வெறும் குத்துக்காரரா? அப்படி நினைக்க வைப்பது ரால்ஃப் கிரேசியுடனான சண்டைதான். 2004 மே மாதம், மணி அடித்ததும் கிரேசி கால்களைப் பிடிக்கக் குனிந்து பாய்ந்தார். கோமி தலையைப் பிடித்து முழங்காலால் தொடர்ந்து இடித்தார். 6 விநாடியில் முடிந்துவிட்டது. அந்தத் துணுக்கை ஆயிரம் முறை பார்த்தவர்கள்கூட அவருடைய அடித்தளம் மல்யுத்தம் என்பதைக் கவனிப்பதில்லை. கிகுச்சி என்ற மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர் அவர். ஷூட்டோவில் முதல் 14 சண்டைகளில் தோற்காமல் வந்ததில் பெரும்பங்கு, எதிராளியைக் கீழே தள்ளி மேலேயே இருக்கும் அந்தத் திறமைக்கு உண்டு. யாராலும் எளிதில் தரைக்குக் கொண்டுபோக முடியாது என்ற தைரியம் இருந்ததால்தான் பின்னாளில் இடுப்பைத் தளர்த்தி, கையைத் தாழ்த்தி, இடது கைக்காரருக்கே உரிய கோணத்தில் நின்று அவ்வளவு துணிச்சலாக வீச முடிந்தது.

அமெரிக்க வீரர் நிக் டியாஸுடனான சண்டை விஷயத்தில் கோமியைக் குறைசொல்பவர்கள், ரசிகர்கள் என இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். 2007 பிப்ரவரி, லாஸ் வேகாஸ், பிரைட் 33. முதல் ரவுண்டில் கோமி டியாஸைக் குத்தித் தரையில் தள்ளினார். டியாஸ் எழுந்தார். எழுந்ததோடு நிற்காமல் நீண்ட கைகளால் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். ரவுண்டு முடியும் முன்பே கோமி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது ரவுண்டில், டியாஸின் முகம் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்த நேரத்தில், கோமி கால்களைப் பிடித்துக் கீழே கொண்டுபோனார். மல்லாந்து கிடந்த டியாஸ் தன் பாதத்தைக் கோமியின் தாடைக்குக் கீழே நுழைத்து, முன்னங்காலைத் தொண்டையில் வைத்து, தலையைக் கைகளால் தன் பக்கம் இழுத்தார். கோகோபிளாட்டா என்ற அபூர்வமான பிடி. கோமி கையைத் தட்டி ஒப்புக்கொண்டார்.

பிறகு டியாஸின் பரிசோதனையில் கஞ்சா தெரியவந்ததால் சண்டைகளை மேற்பார்வை செய்யும் நெவாடா மாநில ஆணையம் முடிவை ரத்து செய்தது. அதனால் பதிவில் இது தோல்வி அல்ல, ‘முடிவில்லை’. இதைத் தோல்வியாகக் கூட்டுபவர்கள் கணக்கில் தவறுகிறார்கள். அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோலக் கோமிக்காக வாதாடும் ரசிகர்கள் கண்ணால் கண்டதையே மறுக்கிறார்கள். எனக்குப் பிடித்த வீரர் அவர், ஆனாலும் அன்று அவர் பிடியில் மாட்டியது உண்மைதானே.

பட்டச் சண்டை எது, சாதாரணச் சண்டை எது என்று பிரிக்காமல் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. 2006 ஏப்ரலில் மார்கஸ் ஆரேலியோ கழுத்துப் பிடி போட்டுக் கோமியை வென்றார். பிரைடில் கோமியின் ஒரே தோல்வி அது. ஆனால் அதில் பட்டம் பணயம் வைக்கப்படவில்லை. நவம்பரில் பட்டத்துக்காக மறுபடி மோதினார்கள், கோமி மயிரிழையில் தப்பி நடுவர் தீர்ப்பில் வென்றார். ‘ஆரேலியோவிடம் பட்டத்தை இழந்தார்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் நம்ப வேண்டாம். கோமியிடமிருந்து அந்தப் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. 2007-இல் பிரைட் கைமாறி மூடப்பட்டதோடு பட்டமும் போனது.

அப்புறம், யூஎஃப்சி காலம் முழுவதையும் வீழ்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். 2010 ஆகஸ்டில் டைசன் கிரிஃபின் 64 விநாடியில் முகம் குப்புற விழுந்தார். அதுவரை யாரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. 2013-இல் சைத்தாமாவில் டியகோ சான்செஸுடன் நடந்த சண்டை, நடுவர்கள் ஒருமித்துச் சொல்லாத பிளவுத் தீர்ப்பில் கைநழுவிப் போனது. கோமிதான் வென்றார் என்பது என் கருத்து. கடைசி ஐந்து தோல்விகளுக்கு அப்படி ஒரு சமாதானமும் சொல்ல முடியாது. ஆள் தளர்ந்திருந்தார், அவ்வளவுதான்.

துணுக்குகளை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் ஒரே ஒரு சண்டையை முழுதாகப் பார்ப்பதென்றால் 2005 செப்டம்பர் 25-ஐ எடுங்கள், டோக்கியோவின் அரியாகே அரங்கம். எதிரே டட்சுயா கவாஜிரி, ஒரு காலத்தில் கோமி வைத்திருந்த ஷூட்டோ பட்டத்தை அப்போது வைத்திருந்தவர். அரங்கமே இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. கோமி விலாவில் குத்துகிறார், தலையில் குத்துகிறார், கவாஜிரி தளர்ந்ததும் முதுகுக்குப் போய்க் கழுத்தைச் சுற்றிக் கையைப் பூட்டுகிறார். 7:42-இல் முடிந்தது. அதே இரவில் இன்னொரு சண்டையும் போட்டு ஜெயித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனார்.