பெருமூளை வாதமுள்ள குழந்தையுடன் பிரான்சுக்கு வந்திருக்கும் புதுவைக் குடும்பங்களுக்கு

புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கும் பெற்றோர் பலரும் முதலில் விசாரிப்பது ரோபோ நடைப்பயிற்சியைப் பற்றித்தான். ஆனால் அதைப் பரிந்துரைக்க வேண்டியவர் மறுவாழ்வு மருத்துவ நிபுணர். அவர் கேட்கும் ஜிப்மர் டிஸ்சார்ஜ் சீட்டு, இடுப்பு எக்ஸ்ரே, போடாக்ஸ் ஊசி போட்ட தேதிகள், வலிப்பு மருந்தின் அளவு முதலியவற்றை ஊரிலேயே விட்டுவந்திருந்தால் உறவினர் மூலம் வரவழையுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் அங்கேயே முடித்து வாங்குவது நல்லது. இந்த வேலைக்குப் புதுவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைக் 'காம்ஸ்ப்' (CAMSP) எனும் சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சை மையத்துக்கு நேரடியாகவே அழைத்துச் செல்லலாம். மற்ற உதவிகளுக்கு, 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் அமைந்த 'எம்.தே.பே.ஆஷ்' (MDPH) எனும் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதனுடன் வைக்கும் மருத்துவச் சான்று ஓராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். இருபது வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகையையும் (AEEH) அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம் உருவாக்கிய லோகோமாட் என்ற ரோபோ நடைப்பயிற்சிக் கருவியில், குழந்தையின் எடையில் ஒரு பகுதியை மேலிருந்து தொங்கும் பட்டைகள் தாங்க, ஓடும் நடைப்பலகையின் மேல் இடுப்பையும் முழங்காலையும் மோட்டார்கள் அசைக்கின்றன. வயதைவிடத் தொடை எலும்பின் நீளமே முக்கியம்: சிறுவர் அளவுக் கருவிக்கு அது 21 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு விலகியிருந்தாலோ, மூட்டு மடங்கி இறுகியிருந்தாலோ, எலும்பு பலவீனமாக இருந்தாலோ மருத்துவர் மறுக்கலாம்; அது பாகுபாடு அன்று. பட்டைகள் இறுகும் தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் சிவக்கிறதா என ஒவ்வொரு முறையும் பாருங்கள். உரசாத நீளக் காற்சட்டை அணிவியுங்கள்.

குழந்தை சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் கால்கள் அசையுமே தவிரப் பலன் குறைவு. ஆகவே இயந்திரத்தின் உதவியைப் படிப்படியாகக் குறைக்கிறார்களா என்று கினேயிடம் (பிசியோதெரபிஸ்டிடம்) கேளுங்கள். அதே அளவு நேரம் செய்யும் வழக்கமான பிசியோதெரபியைவிட ரோபோ சிறந்தது என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை என்பதால், அது கிடைக்காத ஊரில் வீடு அமைந்துவிட்டதற்காக வருந்தி, அருகிலுள்ள கினேயை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனைக்கான வண்டிச் செலவு திரும்பக் கிடைக்க வேண்டுமானால், மருத்துவரின் பயணப் பரிந்துரைச் சீட்டைப் புறப்படும் முன்பே எழுதி வாங்க வேண்டும்.