ஹப்பில் 52 என்றால் சைக்கிள் 52 ஆகிவிடாது

போன கிழமை கல்முனையில் ஒரு தம்பி பழைய றலி சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பைத் துடைத்துக் காட்டி, "அண்ணன், 55ஆம் ஆண்டுச் சாமான், பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் நின்றேன். பழைய சைக்கிள் வாங்குவோர் விடும் பிழைகள் இவை.

ஹப்பை நம்பிக் காசு கொடுப்பது

ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பனியின் மூன்று கியர் ஹப்பில் 'ஏ.டபிள்யூ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம் அடித்திருக்கும். அது ஹப் செய்த ஆண்டு, அவ்வளவுதான். நம் பக்கத்து உப்புக்காற்று கம்பிகளைத் தின்றுவிடும். சில்லு மாற்றாத பழைய சைக்கிளை நான் அதிகம் கண்டதில்லை; சில்லோடு ஹப்பும் மாறியிருக்கலாம்.

நான் ஏமாந்தது ஏறாவூரில். ஹப்பில் 52, முன்னால் றலித் தகடு. ஒரு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். பெடல் அச்சைத் தாங்கும், மரையால் ஃபிரேமில் பூட்டும் கப் தேய்ந்திருந்ததால் கடையில் கிடைத்த சாதாரணக் கப்பைப் போட்டுப் பார்த்தேன். கையாலேயே சுற்றி இறங்கிற்று. உதிரிப்பாகம் இவ்வளவு லேசாகக் கிடைக்கிறதே என்று சந்தோசம் வேறு! பிறகுதான் விளங்கியது: இங்கிலாந்து நொட்டிங்ஹாமில் செய்த றலியில் அந்த இடத்து மரைச் சுற்று அங்குலத்துக்கு 26, சாதாரணக் கப்பில் 24. ஃபிரேம் வேறெங்கோ பிறந்தது. தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகளும் பளபளவென்று புதிதாக இருந்தன, அதையும் கவனிக்கவில்லை. விற்றவரைத் திட்டவும் வழியில்லை. அவர் ஹப்பை மட்டும்தான் காட்டினார், "52 றலி" என்று சொன்னது என் வாய்.

இப்போது முதலில் ஃபிரேமையும், முன் சில்லைப் பிடிக்கும் போக்கையும் பார்ப்பேன். ஹம்பர் சைக்கிள்களில் பலதுக்கும் போக் இரட்டைக் குழாய். பிறகு முன் பல்சக்கரம்: பழைய றலியில் நம் வாவிக்கரைக் கொக்கு மாதிரித் தலைகள், ரட்ஜ் சைக்கிளில் விரித்த கை. ஹப் கடைசியில்தான்.

பெயரை வைத்து ஊரைச் சொல்வது

பி.எஸ்.ஏ சைக்கிள் என்றதும் இங்கிலாந்து பர்மிங்ஹாமில் செய்தது என்பார்கள். 1957இல் அந்தச் சைக்கிள் தொழிலை றலி வாங்கிவிட்டது. பி.எஸ்.ஏ, ஹெர்குலிஸ் பெயர்களில் சென்னை அம்பத்தூரிலும் செய்தார்கள்.

வாங்கியவுடன் பெயின்ற் அடிப்பது

அடிக்காதீர்கள்.

ஃபிரேம் இலக்கத்தைச் சுரண்டித் தேடுவது

தையல் மெஷின் எண்ணெய் தொட்ட பழந்துணி போதும். சீற் குழாயின் கழுத்து, பெடல் அச்சுக்கு அடிப்பக்கம், இரண்டையும் பாருங்கள். கல்முனைத் தம்பியின் சைக்கிளில் இரண்டு தரம் துடைத்ததும் கழுத்தில் இலக்கம் தெரிந்தது. கப்பைக் கழற்ற அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.