பிரெஞ்சு ஸ்லாம்: விழுங்கப்படும் 'எ'யைக் காதால் பிடிப்பது எப்படி?

பிரெஞ்சில் ஏ2 (அடிப்படை நிலை) முடித்து பி1 (இடைநிலை) தொடங்கியிருப்பவர்களுக்கான செய்முறை இது. வகுப்பில் எல்லாம் புரிகிறது, பாரிஸ் ஆள் ஒருவர் வாயைத் திறந்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்ற கட்டத்தில் ஸ்லாமைவிட, அதாவது மேடையில் பேச்சாகச் சொல்லும் கவிதையைவிட, நல்ல மருந்து இல்லை. ராப்பைவிட நிதானம், செய்தி வாசிப்பைவிட உயிர்ப்பு, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

1. யாரிடம் தொடங்குவது

கிரான் கோர் மலாட். பாரிசுக்கு வடக்கே உள்ள சேன் துனி ஊரின் ஸ்லாம் கலைஞர். 2006இல் வந்த 'மிதி வேன்' என்ற முதல் ஆல்பமே போதும். அடிக்குரல், தெளிவான உச்சரிப்பு, பின்னணி இசை மிகக் குறைவு. 'நோயுற்ற பெரிய உடல்' என்பது அந்தப் புனைபெயரின் பொருள். 1997இல் ஆழமில்லாத நீச்சல் குளத்தில் குதித்து முதுகெலும்பில் பட்ட அடியிலிருந்து வந்தது. 'கோர்' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள்: கடைசியில் ப், ஸ் இரண்டும் நிற்கும், இரண்டும் ஒலிக்காது.

அடுத்ததாக அப்த் அல் மாலிக்கின் 'ஜிப்ரால்தார்'. அதுவும் 2006தான். கயேல் ஃபாய் ராப் பக்கம் சாய்பவர், வேகம் கூடுதல். இரண்டு மாதம் கழித்து வாருங்கள். போட்டி மேடைக் காணொளிகளை இப்போது தொடவே வேண்டாம். மூன்று நிமிட வரம்புக்குள் முடிக்க ஓடுவார்கள், கூட்டத்தின் சத்தம் வேறு.

2. நாற்பது விநாடி மட்டும்

முழுப் பாடலையும் எடுக்காதீர்கள். எட்டுப் பத்து வரி போதும். வரிகளைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். காதில் விழுந்ததை எழுதுங்கள், விழாத இடத்தில் கோடு போடுங்கள். தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள்; பிரெஞ்சின் மூக்கொலிகளை நம் எழுத்தால் பிரித்துக் காட்ட முடியாது.

3. பென்சிலை எடுங்கள்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

இப்போது வரிகளை எடுத்து ஒப்பிடுங்கள். சொல் எல்லாம் தெரிந்த சொல்லாகவே இருக்கும். தெரிந்த சொல் ஏன் கேட்கவில்லை? பிரெஞ்சில் 'எ முயே', அதாவது ஊமை எ என்று ஒன்று உண்டு. பேச்சில் அது உதிரும். அது உதிர்ந்ததும் பக்கத்து மெய்கள் ஒட்டிக்கொள்ளும்.

'நீ எதைப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் (ஜு, நு, ஸு, கு, ரு ஆகியவற்றின் உகரமே இங்கே அந்த ஊமை எ):

ஜு நு ஸே பா ஸு கு த்யு ருகார்த்

ஒன்பது அசை. தெருவிலும் மேடையிலும்:

ஷே பா ஸ்கு த்யு ர்கார்த்

ஐந்தே அசை. என்ன நடந்தது? மறுப்பின் முதல் பாதியான 'நு' போய்விட்டது. பேச்சில் 'பா' ஒன்றே மறுப்பைச் சுமக்கும். 'ஜு'வின் உயிர் உதிர்ந்ததும் மிஞ்சிய ஜ் அடுத்த ஸ்-உடன் உரசி 'ஷ்' ஆனது. 'ஸு கு' ஒரே அசையாகச் சுருங்கியது. 'ருகார்த்' தலையில் இருந்த உயிரும் போனது.

நமக்கு இது அந்நியமே இல்லை. மாசு + அற்ற மாசற்ற ஆகும்போது உகரம் எங்கே போகிறதோ, அங்கேதான் இதுவும் போகிறது. ஒரு வேறுபாடு: நம் உகரம் உயிர் வந்தால் ஓடும், அவர்கள் 'எ' மெய் வந்தாலும் ஓடும். காது ஏமாறுவது அதனால்தான்.

உதிர்ந்த ஒவ்வொரு எ-யையும் பென்சிலால் அடியுங்கள், ஒட்டிய சொற்களை வளைகோட்டால் இணையுங்கள். அடித்த தாளைப் பார்த்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். நாற்பது விநாடிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரப்படாதீர்கள், மொத்தப் பலனும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

4. தலைகீழ்ச் சொற்கள்

அகராதியில் அகப்படாத சொல் வந்தால் அசைகளைப் புரட்டிப் பாருங்கள். 'வெர்லான்' என்ற வழக்கு இது. சந்தேகத்துக்குரியது என்ற பொருளில் 'லூஷ்', புரட்டினால் 'ஷுலூ'. பெண் 'ஃபாம்', புரட்டி வாலை வெட்டினால் 'மஃப்'. பைத்தியம் 'ஃபூ', அதுவே 'ஊஃப்'. இதற்கு அச்சு அகராதியைவிட விக்சியோனேர் என்ற இணைய அகராதிதான் என் தேர்வு, சொல்லின் பிறப்பும் சேர்த்தே கிடைக்கும். புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள், ஆசிரியரிடமோ நேர்காணலிலோ பேசாதீர்கள்.

5. கூடவே சொல்வது

வி.எல்.சி. என்ற கணினிச் செயலியில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். வேகம் 0.75 வைத்து, பேசுபவர் முடிக்குமுன் நீங்களும் சொல்லுங்கள். 0.5க்கு இறக்கினால் மெய்கள் இழுபட்டுக் குழம்பும். பத்து முறை சொன்னபின் முழு வேகம்.

6. எட்டு வரி எழுதுங்கள்

தமிழ்க் காது அடியின் தொடக்கத்தில் எதுகை தேடும். பிரெஞ்சு ஸ்லாமில் ஓசை நயம் பெரும்பாலும் வரிக்கடைசியில், நம் இயைபு போல. எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைப் பாருங்கள்: நீருக்கு 'ஓ', சொற்களுக்கு 'மோ', அதிகம் என்பதற்கு 'த்ரோ', பிறகு 'மெத்ரோ'. எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றுக்கும் வேறு, முடியும் ஒலி ஒன்று.

பிரான்சில் இருப்பவர்கள் 'சேன் உவெர்த்' என்ற திறந்த மேடை நடக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ப் பெயர் கொடுங்கள். தாளைப் பார்த்தும் வாசிக்கலாம். பல இடங்களில் ஒரு கவிதை சொன்னால் ஒரு பானம் இலவசம். போட்டி என்றால் சொந்தக் கவிதை மட்டும். இசை, வேடம், பொருள் எதுவும் கூடாது.

பின்சேர்க்கை

எல்லாச் சொல்லையும் ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். 'லே' + 'அமி' 'லேஸாமி' ஆகும். நம் மெய்யெழுத்தின்மேல் உயிரெழுத்து வந்து ஒன்றுவது போலத்தான், அந்த ஸ் மட்டும் தேனீயின் ரீங்காரம்போல அதிரும். ஆனால் வீரர்கள் என்ற 'லே ஏரோ'வை ஒட்டாதீர்கள். அந்த ஏரோவின் தலையில் ஒலிக்காத ஹ் நின்று தடுக்கிறது. மீறி ஒட்டினால் 'லே ஸேரோ', அதாவது பூஜ்யங்கள் என்று கேட்கும்.