தார் பாலைவனத்தில் வேன் பயணம்: வண்டி எங்கே நிற்கும், எங்கே புதையும்

ஜோத்பூரில் தொடங்கி ஜோத்பூரிலேயே முடியும் வட்டம் இது. ஓசியான், பலோதி, பொக்ரான், ஜெய்சல்மேர், தனோட், பார்மேர், மீண்டும் ஜோத்பூர். பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,100 கி.மீ. எட்டு நாள் ஒதுக்குங்கள். ஆறு நாளிலும் முடியும். ஆனால் ஓட்டுபவருக்குத் தார்ச்சாலை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வேனுக்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி அமைப்பது பற்றி இங்கே எதுவும் இல்லை. தூங்கச் சமைக்கத் தயாரான வண்டி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது.

எப்போது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை. பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தப் பருவத்தில் தகரக் கூட்டுக்குள் இரவு தூங்க முடியாது. குளிர்காலத்தில் சிக்கல் தலைகீழ்: ஜனவரி இரவுகளில் ஜெய்சல்மேரில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. கண்ணாடியை முழுக்க மூடித் தூங்கினால் மூச்சின் ஈரம் தகரத்தில் படிந்து காலையில் மெத்தை நனைந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஜன்னல்களை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துவிட்டு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். குளிருக்காக உள்ளே அடுப்பு பற்றவைத்துத் தூங்குவது மட்டும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஜோத்பூரிலேயே வாங்க வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர்: குடிக்கவும் சமைக்கவும் ஐந்து, கழுவ ஐந்து. இருவர் என்றால் 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் மூன்று நாள் கவலையில்லை. இந்தப் பக்க நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அடிபம்பு நீரைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் ‘கேம்பர்’ என்றால் குளிர்நீர்க் குடுவையைத் தூக்கி வந்து வைப்பார்கள், அங்கே அதற்குப் பெயரே அதுதான். நம் வண்டியைக் கேம்பர் என்று சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம்.

குட்டைக் கைப்பிடி மண்வெட்டி, டயர் காற்று அளக்கும் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரஸர், மணலில் சக்கரத்துக்கடியில் செருகும் மணல் பலகை ஒரு ஜோடி, இழுவைக் கயிறு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பிளைவுட் துண்டு. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறப்பார்கள். அது இல்லாமல் மணலில் ஜாக்கி போட்டால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். பிளாஸ்டிக் மணல் பலகை கிடைக்காவிட்டால் தடித்த சாக்கு நான்கு போதும்.

கம்ப்ரஸர் வாங்கும்போது சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதைத் தவிருங்கள். பெரிய வேன் டயருக்குக் காற்றடிக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டத்தில் அந்தத் துளையின் ஃபியூஸ் போய்விடும். பேட்டரி முனைகளில் நேராகக் கவ்வும் வகைதான் சரி. என்ஜினை ஓடவிட்டபடியே காற்றடியுங்கள்.

சேட்டிலைட் போன், சேட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவி எதையும் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கும் சொல்லிவையுங்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம், அதுவும் இது எல்லை மாவட்டம். டிரோனையும் வீட்டிலேயே விடுங்கள்.

மணல்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

மணல் மேட்டில் ஏறித்தான் வண்டி மாட்டும் என்று நினைப்போம். யாரும் வேனை மேட்டில் ஏற்றுவதில்லை. மாட்டுவது சாலையோரத்தில். உட்புறச் சாலைகள் பல ஒற்றை வண்டி அகலம். எதிரே லாரி வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும் முன் வேகத்தை இருபதுக்குக் குறையுங்கள். இறங்கியதும் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கும். பதறி வலப்பக்கம் வெட்டினால் தார் விளிம்பில் சக்கரம் உராய்ந்து, சட்டென்று ஏறி, வண்டி எதிர்ப்பக்கம் பாயும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, மெதுவாக உருண்டு, விளிம்பும் மண்ணும் சமமாக இருக்கும் இடத்தில் ஏறுங்கள். சாலைக்குக் குறுக்கே நாக்கு நீட்டிக் கிடக்கும் மணலை நேராக, சீரான வேகத்தில், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

மாட்டிவிட்டால்:

1. ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழன்றதுமே நிறுத்துபவர் பத்து நிமிடத்தில் வெளியே வருவார். விடாமல் மிதிப்பவரின் வண்டி டிஃபரன்ஷியல் வரை இறங்கிவிடும். அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் டயர் பிடிப்புக்குப் பயனே இல்லை. முதலில் வயிற்றுக்கடியில் தோண்ட வேண்டும்.

2. எல்லோரும் இறங்குங்கள், தண்ணீர்க் கேன்களையும் இறக்குங்கள். மூன்று கேன் அறுபது கிலோ.

3. உங்கள் வண்டியில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மாருதி ஈக்கோ, ஃபோர்ஸ் டிராவலர் வேன்கள் இரண்டுக்கும் பின்சக்கரம். முன்சக்கரத்துக்குப் பலகை வைத்துவிட்டுப் பின்சக்கரத்தால் குழி பறிப்பவர்கள் நிறைய.

4. வந்த தடத்திலேயே பின்னால் போவதுதான் சுலபம், அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் சரிவாகத் தோண்டுங்கள். செங்குத்தான சுவர் நின்றால் டயர் ஏறாது.

5. நான்கு டயரிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். டயரின் உயரம் குறைந்து தரையில் படியும் நீளம் கூடும், எடை பரவும். சுமை ஏற்றிய வேனுக்கு இதற்குக் கீழே போக வேண்டாம், பதினைந்துக்கும் கீழே டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். பலரும் செய்யும் தவறு முப்பதோடு நிறுத்திக்கொள்வது. நாற்பதிலிருந்து முப்பதுக்கு வந்தால் மணலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேஜ் வைத்து அளங்கள்.

6. பலகையைச் சக்கரத்தோடு ஒட்டிச் செருகி, ரிவர்ஸில் கிளட்சை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் எடுங்கள். பலகைக்கு நேராக முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. சக்கரம் வழுக்கினால் பலகை பறந்து வரும். கிளட்ச் கருகும் வாடை வந்தால் நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள்.

7. வண்டி நகர்ந்ததும் கெட்டித் தரை வரும்வரை நிற்காதீர்கள். காற்று மறுபடி அடிக்கும்வரை முப்பது கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது, டயரின் பக்கச்சுவர் சூடேறிப் பிளந்துவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லை, இருட்டிவிட்டது, சாலையை மறிக்கவும் இல்லை என்றால் அங்கேயே தூங்குங்கள். பனி இறங்கிக் குளிர்ந்த மணல் விடியற்காலையில் கெட்டியாக இருக்கும். டிராக்டர் வந்தால் முதலில் கூலியைப் பேசிவிடுங்கள்; கயிற்றை இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் அல்ல.

மணலைவிட ஏமாற்றுவது வழவழப்பான சமதளம். மேட்டு நிலங்களுக்கு நடுவே வெடிப்பு விட்ட களிமண் தரை கிரிக்கெட் மைதானம்போல் தெரியும். குளிர்கால மழை ஒரு தூறல் போட்டிருந்தாலும் மேலே ஓடு, உள்ளே சேறு. நடந்துபோய்க் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். குதிகால் இறங்கினால் வண்டி இறங்கும்.

எங்கே தங்குவது

தாபா, பெரிய பெட்ரோல் பங்க், ஓட்டல் முற்றம், தர்மசாலை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. தாபாவில் முதலில் சாப்பிடுங்கள், பிறகு கேளுங்கள்: “ராத் கோ காடி யஹாங் கடீ கர் சக்தே ஹைங் க்யா?” (இரவு வண்டியை இங்கே நிறுத்தலாமா?) மறுப்பவர்கள் குறைவு. தன்னந்தனியாக மணல் மேட்டருகே வண்டி போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஜெய்சல்மேருக்கு அருகிலுள்ள சாம், குரி பகுதி மேடுகளில் பெரும்பங்கு 3,162 சதுர கி.மீ. பரந்த பாலைவன தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலுக்கு மிச்சமிருக்கும் கடைசிப் பெரிய வாழிடம் அது. அங்கே கூடார முகாம் நடத்துபவர்களின் முற்றத்தில் காசு கொடுத்து நிறுத்தலாம். சாம் இரைச்சல், இரவு பத்து மணிவரை ஒலிபெருக்கி. தூங்க நினைப்பவர்களுக்குக் குரி.

விறகு பொறுக்கிக் குளிர் காய வேண்டாம். அங்கே நிற்கும் கேஜ்ரி மரம் நம் ஊர் வன்னிதான்; ராஜஸ்தானின் மாநில மரம். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில் இந்த மரங்களை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் சமூகத்தினர் உயிர்விட்டார்கள். அந்த ஊர்ப்பக்கம் கையில் கோடரியோடு நிற்பது அழகல்ல. சாலையோரம் இருக்கும் இன்னொரு முள்மரத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரியும்: சீமைக்கருவேலம். ராமநாதபுரத்தில் டயரைக் கிழித்த அதே முள்தான். பக்கச்சுவரில் குத்தினால் பஞ்சர் கிட் உதவாது, ஸ்டெப்னிதான். அதன் நிழலில் வண்டி நிறுத்தாதீர்கள்.

நிறுத்தங்கள்

ஓசியான் கோயில்களுக்கு அரை நாள் போதும். அன்று மாலையே பலோதி போய்த் தங்குங்கள். பக்கத்துக் கீச்சன் கிராமத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஆயிரக்கணக்கில் டெமாய்சல் கொக்குகள் இறங்கும், ஊர்க்காரர்கள் குர்ஜா என்பார்கள். அவற்றுக்குத் தானியம் போட என்றே வேலியிட்ட இடம் இருக்கிறது. சூரியன் வருமுன் போய்விட வேண்டும். வேனை ஊருக்கு வெளியே விட்டு நடந்து போங்கள். கதவை அறையும் ஒரு சத்தத்தில் கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும், பின்னால் வருபவர்களுக்கு வெறும் வானம்தான்.

பொக்ரானில் 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்தைப் பார்க்க வழியில்லை. சுற்றிலும் ராணுவச் சுடுதளம் என்பதால் நெடுஞ்சாலையை விட்டுக் கிளைப்பாதையில் இறங்காதீர்கள், காலைக்கடனுக்கும்கூட. அருகிலுள்ள ராம்தேவ்ராவில் யாத்ரீகர்களுக்கான தர்மசாலைகள் உண்டு. ஆவணி, புரட்டாசித் திருவிழாக் காலம் தவிர இடம் கிடைக்கும்.

ஜெய்சல்மேர் கோட்டைக்கு மேலே வேன் போகாது, முயலவும் வேண்டாம். 1156-இல் எழுந்த கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். சந்துகளில் பைக்கே திணறும். வண்டியை கீழே விட்டுவிட்டு இரண்டு இரவு தங்கி, துணி துவைத்து, கேன் நிரப்பிக்கொள்ளுங்கள். பார்மேர் சாலையில் 17 கி.மீ. தள்ளி ஆகல் புதைபடிவப் பூங்கா. சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு சில்லுகூட எடுத்துவரக் கூடாது. பார்மேர் போகும் நாளில் வழியிலேயே பார்த்துவிடலாம், தனிப்பயணம் வேண்டாம்.

ஜெய்சல்மேருக்கு அருகிலுள்ள குல்தராவைப் பேய் ஊர் என்று காட்டுவார்கள். பேயை விட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த பாலிவால் மக்களின் ‘கடீன்’ வரப்புகளைக் கேட்டுப் பாருங்கள். சரிவில் ஓடிவரும் மழைநீரை நீண்ட கரையால் தேக்கி, நீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமை விதைப்பது. கண்மாய் தெரிந்தவருக்குச் சட்டென்று புரியும். கடீனுக்குள் வண்டி இறக்கக் கூடாது. மேலே சொன்ன களிமண் தரை இதுதான், மேலும் அது ஒருவருடைய வயல்.

தனோட், லோங்கேவாலா சுற்றுக்கு முழு ஒரு நாள். ஜெய்சல்மேரிலிருந்து தனோட் 120 கி.மீ. வழியில் ராம்கரில் டேங்கை நிரப்பிவிடுங்கள், அதற்கப்பால் பங்கை நம்ப வேண்டாம். போன் சிக்னலும் விட்டுவிட்டு வரும், ஆகவே ரொக்கம், அச்சிட்ட வரைபடம், எல்லோரின் ஆதாரும் கையில். தனோட் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கிறது; 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு சுமார் 120 இந்திய வீரர்கள் காவல்சாவடியை விடாமல் பிடித்து நின்றார்கள். வந்த பாகிஸ்தான் டாங்கிகளில் பல இளமணலில் சிக்கின, விடிந்ததும் இந்திய விமானப்படையின் ஹன்டர் விமானங்கள் வந்தன. சங்கிலிச் சக்கர வண்டிக்கே அந்தக் கதி. நினைவிடத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் நிறுத்துங்கள். இருட்டுமுன் ஜெய்சல்மேர் திரும்பிவிட வேண்டும். ஒட்டகம் மோதினால் கால்கள் பம்பரில் அடிபட்டு முழு உடலும் கண்ணாடி வழியே உள்ளே வரும். இந்த வட்டம் முழுவதிலும் இரவு ஓட்டம் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

பார்மேரிலிருந்து கிராடு கோயில்கள், போகவர 80 கி.மீ. வரை. பகல் மூன்றுக்குள் போய்ச் சேருங்கள். சூரியன் மறைந்தபின் அங்கே இருப்பவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்று ஊரில் நம்பிக்கை. எப்படியும் அதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் ஜோத்பூருக்கு 200 கி.மீ. நல்ல சாலை.

பின்சேர்க்கை

சோலார் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 200 வாட் தகடு, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ். தகட்டிலிருந்து குளிர்காலத்தில் நாளுக்கு ஏறக்குறைய 600 வாட்-மணி வரும், ஃபிரிட்ஜ் 400 எடுக்கும், மீதி விளக்குக்கும் போனுக்கும். கணக்கு இடிப்பது தூசியால். காலைப் பனியில் தூசி ஊறி, வெயிலில் காய்ந்து, தகட்டில் ஓடாக ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். பனி உலருமுன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும், தண்ணீர் செலவும் இல்லை. ஏர் ஃபில்டரையும் மூன்று நாளுக்கொரு முறை கழற்றித் தட்டிவிடுங்கள்.