புதுப் பொண்ணை யார் கையில் ஒப்படைக்கிறீர்கள்?

ஆண்கள் மெடிக்கல் வார்டில் 11 வருடமாக நர்ஸ் இன்சார்ஜாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, வேலையை விட்டு ஓடுகிற புது ஸ்டாஃப் நர்ஸ்கள் முதல் 3 மாதத்துக்குள் ஓடிவிடுகிறார்கள். அதுவும் முதல் நைட் டூட்டி வாரத்தில்தான் அதிகம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்தால் இருப்பார்கள் என்று நினைக்கிற நிர்வாகங்கள் உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் என்னுடையதும் பீரோவில்தான் இருந்தது. ஆள் வார்டில், மனசு பஸ் ஸ்டாண்டில்.

புதியவர் யாரிடம் போய் அசட்டுக் கேள்வி கேட்கலாம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அவர்தான் பிரிசெப்டர், அதாவது கூடவே நின்று வேலை பழக்குகிற சீனியர். வார்டிலேயே வேகமாக வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) போடுகிறவரை அந்த இடத்தில் வைக்காதீர்கள். "தள்ளும்மா, நானே போட்டுடறேன்" என்று வாங்கிவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர் வேண்டும்.

இருவருக்கும் ஒரே டூட்டி போடுங்கள், நைட் உட்பட. சீனியருக்கு 6 படுக்கை என்றால் முதல் மாதம் 4 ஆக்குங்கள். ஆள் இல்லை என்பார்கள். எப்போதுதான் இருந்தது? படுக்கையைக் குறைக்காமல் பிரிசெப்டர் என்று பெயர் மட்டும் கொடுத்தால், அவர் எரிச்சலைப் புதுப் பொண்ணிடம்தான் காட்டுவார்.

ஊசி, டிரிப் எல்லாம் பழகிவிடும். ராத்திரி 2 மணிக்கு டாக்டரை எழுப்புவதுதான் பயம். அதைப் பகலிலேயே பேசிப் பழகச் சொல்லுங்கள்: "சார், மெடிக்கல் வார்டு, 7-ஆம் பெட். ஒரு மணி நேரத்தில் பிபி 130-இலிருந்து 90-க்கு இறங்கிடுச்சு. வேர்த்துக் கொட்டுது. வந்து பாருங்க சார்." இழுக்கக் கூடாது, மன்னிப்புக் கேட்கக் கூடாது.

அப்புறம், தப்பு நடக்கும் இடம். போன வருடம் ஒரு பெண் 20 யூனிட் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்துக் குப்பி மில்லிக்கு 40 யூனிட் ரகம், சிரிஞ்சு மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி ரகம். 20-ஆம் கோடு வரை இழுத்திருந்தாள். உள்ளே இருந்தது 8 யூனிட்தான். பிரிசெப்டர் நோயாளி முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. டிராலிக்குக் கூட்டிப்போய், 40 ரகத்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சையும் இதையும் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் பார்த்து நீயே சொல்லு" என்றார். பார்த்ததும் அவளுக்குக் கை நடுங்கியது. இன்சிடென்ட் ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். அந்த இடத்தில் கத்தியிருந்தால் அடுத்த தப்பு நம் காதுக்கே வராது. பொட்டாசியம் குளோரைடு விஷயத்தில் மட்டும் நான் கறார்: கலக்காமல் நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், அதனால் 3 மாதம் வரை சீனியர் பக்கத்தில் நிற்காமல் அந்த ஆம்பியூலைத் தொடக் கூடாது.

மென்ட்டர் வேறு ஆள். வேறு வார்டுக்காரர், மதிப்பெண் போடாதவர், ஒரு வருடம் முழுக்கத் துணையாக இருப்பவர். ஹாஸ்டல் சாப்பாடு, வீட்டில் கல்யாணப் பேச்சு, வெளிநாட்டுப் பரீட்சை எல்லாம் அவரிடம் போகும். இன்சார்ஜாகிய நாம் அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவே கூடாது. மாதம் ஒரு முறை கேன்டீனில் டீயும் வடையும் போதும். அந்தப் பில்லை அக்கவுண்ட்ஸுக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டது. இப்போது என் கையிலிருந்துதான் போகிறது.